கல்லீரல் கொழுப்பை எரிக்கும் மூலக்கூறு: சொல்லாமல் விட்ட பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில் கொழுப்புக் கல்லீரல் பற்றி அண்மையில் வெளியான கட்டுரை, உணவுமுறை குறித்தும் இரத்தப் பரிசோதனைகள் குறித்தும் தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதன் கடைசிப் பத்தியில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கல்லீரலில் படிந்த கொழுப்பை எரித்துவிடும் ஒரு மூலக்கூறை ஆய்வகத்தில் வெற்றிகரமாகச் சோதித்துள்ளனர் என்றும், அது விரைவில் மாத்திரையாக வரக்கூடும் என்றும் எழுதி முடித்திருந்தீர்கள். அந்த மூலக்கூறின் பெயரோ, சோதனை எந்த உயிரினத்தில் நடந்தது என்ற விவரமோ அதில் இல்லை. கல்லூரியில் பல ஆண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், விடுபட்ட அந்த இரண்டு விவரங்களையும் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கட்டுரையைப் படித்த என் பழைய மாணவர் ஒருவர் இணையத்தில் தேடி அந்தப் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, ‘ஐயா, இந்தப் பொடி கிடைக்கிறதாமே, வாங்கிச் சாப்பிடலாமா?’ என்று என்னிடம் கேட்டதே இக்கடிதத்துக்கு உடனடிக் காரணம்.

அந்த ஆய்வின் அடிப்படையில் இருக்கும் சேர்மம் 2,4-டைநைட்ரோபீனால். ஆய்வகங்களில் சுருக்கமாக டி.என்.பி. என்பார்கள். (வேதியியல் செய்முறைத் தேர்வில் ஆல்டிஹைடு, கீட்டோன் கண்டறிய மாணவர்கள் பயன்படுத்தும் ‘டி.என்.பி. கரைசல்’ இதுவன்று, அது டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன்.) மஞ்சள் நிறப் படிகமான இந்தச் சேர்மம் வெடிமருந்தாகப் பயன்பட்ட பிக்ரிக் அமிலத்துக்கு நெருங்கிய உறவு. நன்கு உலர்ந்துவிட்டால் வெடிக்கும் தன்மை கொண்டது என்பதால், நீர் கலந்து ஈரமாகவே புட்டியில் அடைத்து விற்கிறார்கள். மூடியைத் திறந்தால் ஈர மணல் போலக் கட்டிகட்டியாக இருக்கும்; கையுறை இல்லாமல் தொட்டால் விரலில் ஏறும் மஞ்சள் கறை சோப்புப் போட்டாலும் எளிதில் போகாது. புட்டியின் மேல் மண்டையோட்டுப் படமும், ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற வாசகமும் அச்சிடப்பட்டிருக்கும்.

வளர்சிதை மாற்ற ஆய்வில் இதற்கு நீண்ட காலமாகவே ஓர் இடம் உண்டு. எலியின் கல்லீரலைக் குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் அரைத்து, மைய விலக்குக் கருவியில் இருமுறை சுழற்றினால், குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் மைட்டோகாண்ட்ரியாக்கள், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகள், படியும். அவற்றை ஆக்சிஜன் மின்முனை பொருத்திய சிறு கலனில் இட்டு, எரிபொருளாகச் சக்சினேட் சேர்த்தால், அவை மெல்ல மூச்சுவிடத் தொடங்குவது, ஆக்சிஜன் குறையக் குறைய இறங்கும் சரிவான கோடாக வரைதாளில் தெரியும். செல்கள் ஆற்றலுக்காகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபியை உற்பத்தி செய்யும் நொதியை ஒலிகோமைசின் என்ற மருந்தால் அடைத்துவிட்டால் கோடு ஏறக்குறைய சமதளமாகிவிடும். அந்த நிலையில் ஒரு துளி டி.என்.பி. விட்டால், கோடு செங்குத்தாகக் கீழே பாயும். கலனில் இருந்த ஆக்சிஜன் சில நிமிடங்களில் தீர்ந்துபோகும். அதாவது எரிபொருள் முழு வேகத்தில் எரிகிறது, ஆனால் ஏடிபி ஒன்றுகூட உருவாகவில்லை. இதைக் கண்ணால் பார்த்த மாணவனுக்கு, 1978-இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மிட்செலின் கோட்பாட்டைத் தனியாக விளக்க வேண்டிய அவசியம் அதிகம் இருக்காது.

பாடம் படிக்காத வாசகர்களுக்காக அந்தக் கோட்பாட்டைச் சொல்வதானால், மேட்டூர் அணையில் தேங்கிய நீர் சுழலி வழியாக இறங்கும்போதுதான் மின்சாரம் கிடைக்கிறது; கரையில் உடைப்பு ஏற்பட்டால் நீர் முழுவதும் ஓடிவிடும், மின்சாரம் மட்டும் கிடைக்காது. எரிபொருள் எரியும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே அணை நீர்போலத் தேக்கிவைக்கப்படும் புரோட்டான்களை (ஹைட்ரஜனின் நேர்மின் துகள்களை), நொதியின் வழியே செல்ல விடாமல் சவ்வின் ஊடாகவே உள்ளே கடத்திவிடுவதுதான் டி.என்.பி. செய்யும் வேலை. உடல் இழப்பை ஈடுகட்ட மேலும் மேலும் கொழுப்பையும் சர்க்கரையையும் எரிக்கிறது. எரிந்த ஆற்றல் வெப்பமாகவே வெளியேறுகிறது. கொழுப்பு கரைகிறது என்று விளம்பரங்கள் சொல்வது, இந்த அளவில் உண்மைதான். பச்சிளங்குழந்தைகளின் பழுப்புக் கொழுப்பில் இயற்கையே இதைப் போன்ற ஒரு புரதத்தை வைத்து உடலைச் சூடாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் புரதத்தைத் திறக்கவும் மூடவும் உடலிடம் கட்டுப்பாடு இருக்கிறது. டி.என்.பி.க்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. மூளை, இதயம், தசை என்று அது சென்றடையும் எல்லா இடங்களிலும் இதையே செய்யும்.

அளவு மீறினால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. வியர்வை, படபடப்பு, வேகமான மூச்சு, மனக்குழப்பம் என்று தொடங்கி, சில மணி நேரத்தில் இதயம் நின்றுபோகலாம். இது நோய்க்கிருமியால் வரும் காய்ச்சல் அன்று என்பதால் பாராசிட்டமால் கேட்காது. ஆஸ்பிரின் கொடுப்பது அதைவிடவும் தவறு, ஏனெனில் சாலிசிலேட்டும் அதிக அளவில் ஓரளவு இதே வேலையைச் செய்யக்கூடியது. இந்த நஞ்சை முறிக்கும் மருந்து எதுவும் கிடையாது. மருத்துவர்கள் உடலைக் குளிரவைத்து, நீர்ச்சத்தை ஈடுசெய்து, காத்திருக்கத்தான் முடியும். பலன் தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையிலான தூரம் மிகக் குறுகியது. ஒருவர் தாங்கியதை இன்னொருவர் தாங்கமாட்டார். நாள்தோறும் உட்கொண்டால் உடலில் சேர்ந்துகொண்டும் போகும். எண்களை இங்கே நான் எழுதாமல் விடுவது தெரிந்தேதான்.

இவையெல்லாம் நேற்று இன்று தெரியவந்த செய்திகள் அல்ல. முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் இந்தப் பொடியைக் கையாண்ட தொழிலாளர்கள் உடல் மெலிந்து, வியர்த்துக் கொட்டி, கடும் வெப்பத்தில் இறந்தார்கள். அந்த மெலிவுதான் பின்னர் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் டெய்ன்டரும் வின்ட்சர் கட்டிங்கும் உடல் எடையைக் குறைக்க இதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அந்நாட்டில் 1 லட்சம் பேராவது இதை உட்கொண்டிருப்பார்கள் என்று டெய்ன்டரே கணித்தார். மருத்துவர் சீட்டு இல்லாமலும் கடைகளில் விற்றார்கள். 1935 முதல், இதைச் சாப்பிட்ட இளம் பெண்களுக்குக் கண்புரை வந்து பார்வை மங்குவதாகச் செய்திகள் வரத் தொடங்கின.

கட்டுரை எழுதியவர் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. அக்காலத்தில் எலி போன்ற வழக்கமான ஆய்வு விலங்குகளுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது கண்புரை வரவில்லை. கோழிக் குஞ்சுகளிலும் வாத்துகளிலும்தான் அதை உண்டாக்க முடிந்தது. எலிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மனிதக் கண்ணுக்கு நேரப்போவது தெரிந்திருக்க வழியே இல்லை. ‘எலிகளில் பாதுகாப்பானது’ என்ற சொற்றொடரை எந்த மருத்துவச் செய்தியில் பார்த்தாலும் எனக்கு இந்தக் கோழிக் குஞ்சுகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

அப்போதிருந்த 1906-ஆம் ஆண்டு உணவு, மருந்துச் சட்டப்படி, உடல் பருமன் நோயாகக் கருதப்படாததால் மெலிவு மருந்துகளை அமெரிக்க அரசால் தடுக்க முடியவில்லை. டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த திரவ மருந்து 1937-இல் 100-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகே (இருமல் மருந்துச் செய்திகளால் அந்த நஞ்சின் பெயர் நம் வாசகர்களுக்கும் இப்போது நன்கு தெரியும்) 1938-இல் புதிய சட்டம் வந்தது, டி.என்.பி. மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவிக்கப்பட்டு, மருந்துக் கடைகளிலிருந்து மறைந்தது.

மறைந்த பொடி இணையத்தின் வழியே திரும்பியிருக்கிறது. உடற்கட்டுப் பயிற்சியாளர்களையும் மெலிய விரும்பும் இளைஞர்களையும் குறிவைத்து விற்கப்படுகிறது. 2015-இல் இன்டர்போல் 190 நாடுகளுக்கு இது குறித்து எச்சரிக்கை அனுப்பியது. அந்த நாடுகளில் இந்தியாவும் அடக்கம். பிரிட்டனில் இளைஞர்களின் மரணங்கள் தொடர்ந்ததால், 2023 அக்டோபர் முதல் உரிமம் இல்லாமல் பொதுமக்கள் இதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றமாக்கப்பட்டது. விற்பவர்கள் ‘ஆய்வுக்கு மட்டும், மனிதர் உட்கொள்வதற்கன்று’ என்று ஒட்டிவிடுகிறார்கள். எங்கள் ஆய்வகப் புட்டியில் அந்த வாசகம் ஓர் எச்சரிக்கை. அவர்கள் பொட்டலத்தில் அது சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி. ஒரு தரமான நாளிதழ் அதே சேர்மத்தின் வழிவந்த மருந்தைப் பெயர் சொல்லாமல் புகழும்போது, பெயரைத் தேடிச் செல்லும் வாசகர் வந்து சேரும் இடம் இந்த விற்பனைப் பக்கங்களே.

யேல் ஆய்வை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சொல்லப்போனால், ஜெரால்ட் ஷுல்மன் குழுவினரின் பணி மிக நுட்பமானது. டி.என்.பி.யின் தீமை பெரும்பாலும் அது உடல் முழுவதும் பரவுவதாலும் இரத்தத்தில் திடீரென உச்சத்துக்கு ஏறுவதாலும்தான் வருகிறது என்று அவர்கள் கருதினார்கள். எனவே, 2013-இல், டி.என்.பி.யோடு ஒரு மெத்தில் தொகுதியை இணைத்து, கல்லீரல் நொதிகள் அதை வெட்டியெடுத்த பின்னரே மருந்து செயல்படும்படி செய்தார்கள். 2015-இல், டி.என்.பி.யை மெல்ல மெல்ல வெளியிடும் பூச்சிட்ட வடிவத்தை உருவாக்கி, எலிகளில் கல்லீரல் கொழுப்பும் இரண்டாம் வகை நீரிழிவின் அறிகுறிகளும் குறைவதைக் காட்டினார்கள். பிறகு குரங்குகளிலும் சோதித்தார்கள். தங்கள் கட்டுரை இவற்றைத்தான் குறிப்பிட்டிருக்க வேண்டும். இதே சிந்தனையில் வேறொரு நிறுவனம் உருவாக்கிய ஹெச்.யூ.6 என்ற மருந்து, 80 பேரிடம் சுமார் இரண்டு மாதம் சோதிக்கப்பட்டு, கல்லீரல் கொழுப்பைக் குறைத்ததாக 2023-இல் ஆய்விதழில் வெளியானது. முகம் சிவத்தல், வயிற்றுப்போக்கு, படபடப்பு ஆகியவையும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளன. 80 பேர், இரண்டு மாதம் என்பது நம்பிக்கை தரும் தொடக்கம். 1930-களில் டி.என்.பி. சாப்பிடத் தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் கண்புரை தலைகாட்டியது என்பதை வைத்துப் பார்த்தால், அது தொடக்கம் மட்டுமே.

இதற்கிடையில், முழுச் சோதனைகளையும் கடந்து, தழும்பு விழத் தொடங்கிய கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கென அமெரிக்காவில் 2024 மார்ச்சில் முதன்முதலாக அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோம் என்ற மருந்து முற்றிலும் வேறு வழியில், கல்லீரலின் தைராய்டு ஹார்மோன் ஏற்பியைத் தூண்டிச் செயல்படுகிறது. அதுவும் உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆகியவற்றுடன் சேர்த்தே பரிந்துரைக்கப்படுகிறது. உடல் எடையில் 7 முதல் 10 விழுக்காடு வரை படிப்படியாகக் குறைத்தால் கல்லீரல் அழற்சி தணியும் என்பதைக் கல்லீரல் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். தங்கள் கட்டுரையின் முற்பகுதியும் அதையே சொன்னது. அந்த அறிவுரை வாசகர் மனத்தில் பதிவதற்குள் கடைசிப் பத்தி வந்து, காத்திருந்தால் மாத்திரை வரும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள் இது. மருத்துவ ஆய்வுச் செய்தி எதுவாயினும், சேர்மத்தின் பெயர், சோதிக்கப்பட்ட உயிரினம், மனிதச் சோதனையாயின் எத்தனை பேர், எத்தனை நாள் என்ற விவரங்களைச் செய்தியின் முதல் சில வரிகளிலேயே தாருங்கள். சேர்மத்துக்கு இப்படியொரு பழைய வரலாறு இருந்தால் அதையும் ஒரு வரியில் சேருங்கள். ஒரு வரிக்கு இடமில்லாத பக்கம் எந்த நாளிதழிலும் இல்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் இணையத்தில் ‘ஆய்வுப் பொருள்’ என்ற பெயரில் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்கப்படும் வேதிப்பொருள்களைக் கண்காணிக்க வேண்டும். உண்மையான ஆய்வகங்கள் கொள்முதல் ஆணை, கல்லூரி முத்திரை, பாதுகாப்புத் தகவல் தாள் ஆகியவற்றோடுதான் வாங்குகின்றன. ஒரு தனி மனிதரின் வீட்டு முகவரிக்கு ஐம்பது கிராம் பொட்டலம் போவதில் ஆய்வு எதுவும் இல்லை.

தம் பிள்ளை கொழுப்பைக் கரைக்க ஏதோ மஞ்சள் பொடியோ குளிகையோ சாப்பிடுகிறான் என்று சந்தேகிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீரோ தோலோ விரல்களோ மஞ்சளாகி, காரணமில்லாமல் உடல் கொதித்து வியர்த்தால், வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் தெரிந்தால்தான் அவர் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி நேரத்தைக் கடத்தாமல் இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.