நிதி முடியும் நாளையும் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதரவற்ற, நோயுற்ற, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளின் நலனுக்காகத் தனியார் அறக்கட்டளைகளும் செல்வந்தர்களும் நிறுவனங்களும் நிதி வழங்கும் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளியாகின்றன. கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு, எத்தனை குழந்தைகள் பயன்பெறுவார்கள் என்பவை அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்த நிதி எந்த ஆண்டு வரை வரும், அது நின்ற பிறகு அப்பணியை யார் ஏற்பார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. குழந்தைகளுக்கான இயன்முறைச் சிகிச்சையில் (பிசியோதெரபி) பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். விடுபடும் அந்த ஒரு விவரம் ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன்.

பிறவியிலேயே பாதம் உள்நோக்கி வளைந்திருக்கும் குறைபாட்டை எடுத்துக்கொள்வோம். பொன்செட்டி முறையில் வாரத்துக்கு ஒரு முறை பாதத்தைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்பி, தொடை வரை மாவுக்கட்டுப் போட்டு வந்தால், ஏறத்தாழ ஐந்தாறு வாரங்களில் பாதம் நேராகிவிடும். பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரில் ஒரு சிறு வெட்டும் தேவைப்படும். பெரிய அறுவை சிகிச்சை பெரும்பாலும் வேண்டியதில்லை. வளைந்த பாதம் நேரானதைக் காட்டும் முன்-பின் படங்கள் ஆண்டறிக்கைகளில் இடம்பெறுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் சிகிச்சை இத்துடன் முடிவதில்லை. இரண்டு காலணிகளையும் ஒரு குறுக்குப் பட்டையால் இணைத்த பிரேஸை முதல் மூன்று மாதங்கள் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கு அல்லது ஐந்து வயது வரை தூங்கும் நேரத்திலும் குழந்தை அணிந்தாக வேண்டும். கால் வளர வளரக் காலணியின் அளவையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் பாதம் மீண்டும் வளையத் தொடங்கும்.

இத்தகைய பணிக்கு மூன்றாண்டு நிதி ஒதுக்கப்பட்டால், மூன்றாம் ஆண்டில் சேர்ந்த குழந்தையின் நிலை என்ன? நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், ஒரு தாய் தன் குழந்தையின் விரல்கள் காலணியின் முனையில் மடங்கிக் கிடப்பதைத் தொட்டுக் காட்டி, அடுத்த அளவு எப்போது வரும் என்று கேட்டார். கொடையாளருடனான ஒப்பந்தம் அதற்கு முந்தைய மாதமே முடிந்திருந்தது. இறுதி அறிக்கையில் அக்குழந்தை வெற்றிகரமாகச் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. கொடையாளர் யாரையும் ஏமாற்றவில்லை. ஒப்புக்கொண்ட தொகையை ஒப்புக்கொண்ட நாளில் கொடுத்தார். குழந்தைப் பருவத்தின் நீளத்தை மட்டும் அந்த ஒப்பந்தத்தில் யாருமே கணக்கில் எடுக்கவில்லை.

இதனால் தனியார் கொடையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். இளம்பிள்ளைவாதம் எனும் போலியோவுக்கு எதிரான போராட்டம் தனியார் பணமின்றி இந்த அளவுக்கு வந்திருக்காது. அமெரிக்காவில் 1938இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய தேசிய அறக்கட்டளை, பொதுமக்கள் அனுப்பிய சில்லறைக் காசுகளைக் கொண்டு மருத்துவ ஆய்வாளர் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்கு நிதி அளித்தது. 1954இல் ஏறத்தாழ 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற கள ஆய்வையும் நடத்தியது. எதிர்காலத் தடுப்பூசிக்காகச் செலவிட்ட அதே காலத்தில், ஏற்கெனவே நோயால் முடங்கியிருந்தவர்களின் சிகிச்சைச் செலவையும் அது ஏற்றுக்கொண்டது. இந்த இரண்டாவது பணியைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். ரோட்டரி சங்கம் 1985இல் தொடங்கிய போலியோ நிதியை நாற்பது ஆண்டுகளாகக் கைவிடவில்லை. உலகளாவிய ஒழிப்பு முயற்சி தொடங்கிய 1988இல் 125க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் பேர் அந்நோயால் முடங்கியதாக மதிப்பிடப்பட்டது. இன்று இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி வேரூன்றியிருப்பது ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மட்டுமே.

இறுதிவரை நின்று முடிப்பது எல்லாக் கொடையாளர்களாலும் இயலாது. அப்படியானால் விலகுவதையாவது முறையாகச் செய்யலாம். ஏழை நாடுகளின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி கிடைக்கச் செய்யும் காவி (Gavi) என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, கேட்ஸ் அறக்கட்டளை அளித்த 75 கோடி டாலர் தொடக்க நிதியுடன் 2000இல் உருவானது. அதன் உதவியைப் பெறும் நாடுகள் தடுப்பூசிச் செலவில் ஒரு பங்கைத் தாமே ஏற்கின்றன. நாட்டின் வருமானம் உயர உயர அப்பங்கும் உயர்ந்து, முடிவில் முழுச் செலவும் அந்நாட்டின் பொறுப்பாகிறது. 2045 இறுதியில் தன் பணிகளை முடித்துக்கொள்வதாகக் கேட்ஸ் அறக்கட்டளை 2025ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அதன் கொள்கைகள் குறித்து எனக்கும் சில மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்வது பொறுப்பான செயல் என்பதில் ஐயமில்லை. அரசுகள்கூட இப்படி நடந்துகொள்வதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளைத் திடீரென நிறுத்தி வைத்தபோது, குழந்தைகளுக்கான ஊட்டச்சத்து, நோய்த்தடுப்புப் பணிகள் பல நாடுகளில் தடுமாறின.

திறப்பு விழா நடத்தக்கூடியவற்றுக்கே பணம் எளிதில் கிடைக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கட்டடமும் ஊர்தியும் கருவியும் கொடுக்க முன்வருவோர், அக்கருவியை இயக்குபவரின் ஊதியத்தை 'நிர்வாகச் செலவு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் பணியிலோ, பயிற்சி தருபவரின் கைகளும் வீடு தேடிச் சென்று தாயிடம் பொறுமையாகப் பேசுபவரின் நேரமும்தான் சிகிச்சையே. குழந்தைகள் இல்லங்களுக்குக் குவியும் நன்கொடையின் நிலையும் இதுதான். ருமேனியாவில் இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு 2000களின் தொடக்கத்தில் புகாரெஸ்ட் நகரில் தொடங்கிய ஆய்வு, வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே மாற்றப்பட்டவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறியதைக் காட்டியது. உலகெங்கும் இல்லங்களில் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். வறுமையால் பிரிக்கப்பட்ட குழந்தையைத் தாயோடு வாழவைக்கப் பணம் கொடுத்தால், கல்வெட்டில் பெயர் பொறிக்க இடம் இருக்காது. ஆனால் அந்தக் குழந்தைக்குத் தேவை அதுதான்.

கொடையாளர்கள் என்றென்றும் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு குழந்தையைத் திட்டத்தில் சேர்க்கும் நாளிலேயே, அக்குழந்தையின் சிகிச்சை முடியும் வரைக்கான தொகையைத் தனியே ஒதுக்கி வைக்கலாம். நிதி போதாதென்றால் குறைவான குழந்தைகளைச் சேர்த்து, சேர்த்தவர்களுக்கு முழுமையாகச் செய்யலாம். பத்தாயிரம் பேர் என்ற அறிவிப்பைவிட, இரண்டாயிரம் பேருக்கு இறுதிவரை செய்த பணியே எனக்கு மேலானதாகப் படுகிறது. பொறுப்பை ஏற்கவேண்டிய அரசுத் துறையைக் கடைசி ஆண்டில் அழைத்துக் கோப்புகளைக் கையில் கொடுக்காமல், முதல் ஆண்டிலேயே சிறு பங்கு செலவை ஏற்கச் செய்ய வேண்டும். குழந்தைகளின் உடல்நலம் அரசின் கடமை என்று 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை கூறுகிறது. தனியார் உதவி அந்தக் கடமையைத் தள்ளிப்போடுவதற்கான காரணமாகிவிடக் கூடாது.

ஊடகங்களிடமும் ஒரு வேண்டுகோள். நிதி வழங்கும் விழாவைச் செய்தியாக்கும்போது, உதவி எந்த ஆண்டு வரை தொடரும், அதன்பின் பொறுப்பு யாருடையது என்று கேட்டு, கிடைக்கும் பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். காசோலையின் அருகே நிறுத்தப்படும் குழந்தையின் முகத்தையும் பெயரையும் தவிர்த்துவிடுங்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த மறு ஆண்டில் உங்கள் செய்தியாளர் ஒருவரை அதே இடத்துக்கு மீண்டும் அனுப்ப முடிந்தால், அந்தச் செய்தி அடுத்த கொடையாளருக்குப் பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
குழந்தைகளுக்கான இயன்முறைச் சிகிச்சையில் பணிபுரியும் வாசகர்