பல்பு எரிந்தால் எர்த் சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல இடங்களில் நாலடி தோண்டினாலே பாறை தட்டும். புது வீடுகளில் எர்த் பைப்பை அத்தோடு நிறுத்தி, மேலே சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். பிறகு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைக் கொடுத்து, "எரியுது பாருங்க" என்பார்கள். எர்த் மின்தடை 50 ஓம் இருந்தாலும் அந்தப் பல்பு பளிச்சென்றுதான் எரியும். ஆனால் கிரைண்டர் பாடியில் ஃபேஸ் தொட்டால் ஓடுவது 4.6 ஆம்பியர்தான் (230-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள்). 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) அசையாது. பாடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும்.

வீட்டு எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, எர்த் மெக்கரில் (எர்த் மின்தடையை அளக்கும் கருவி) 5 ஓமுக்குள் காட்டச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வராவிட்டால் பாறையோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டடி ஆழத்தில் 15 மீட்டர் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, 25×4 மி.மீ. ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைப் படுக்கவைத்து, பென்டோனைட் (ஈரம் பிடித்துவைக்கும் களிமண்) கலவையால் மூடி, பழைய பைப்போடு இணைக்கலாம்.

சாக்கெட்டுக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் துண்டு ஒயரால் சேர்ப்பது இன்னும் மோசம். நியூட்ரல் எங்காவது கழன்றால் ஃப்ரிட்ஜ் பாடியில் 230 வோல்ட் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் வேறு வழியில் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) அடிக்கடி டிரிப் ஆனால் முதலில் அந்தத் துண்டு ஒயரைத் தேடுங்கள். ஆர்சிசிபியைக் கழற்றி எறியாதீர்கள்.

– வயரிங் பணியாளர்கள், பாலக்கோடு