எத்தனை ஜிபி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய கணினியை வீசாமல் இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுங்கள் என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் இறக்க எத்தனை ஜிபி ஆகும் என்று ஒரு வரி இல்லை. எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் லயத்து வீடுகளுக்கு ஃபைபர் வரவில்லை. சமையற்கட்டு ஜன்னல் கம்பியில் கைப்பேசியைக் கட்டி வைத்தால்தான் இரண்டு கோடு வரும். மழை இறங்கினால் அதுவும் இல்லை. மகளின் மடிக்கணினிக்கு உபுண்டு என்ற லினக்ஸ் வகையை இறக்கினேன். அது ஆறு ஜிபியை நெருங்கும். இரவு பத்து மணிக்குப் போட்டது, விடியற்காலையில் 81 சதவீதத்தில் அறுந்து கிடந்தது. அந்த மாத டேட்டாவில் பாதி போயிற்று.

அடுத்து டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகை. அதில் 'நெட்இன்ஸ்ட்' என்ற சின்னக் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. ஆசைப்பட்டு எடுத்தேன். ஆனால் அது வெறும் தொடக்கம்தான்; மீதி எல்லாவற்றையும் நிறுவும்போதே இணையத்திலிருந்து இழுக்கும். பாதியில் லைன் போய், கறுப்புத் திரைதான் மிஞ்சியது. மகள் மறுநாள் பள்ளிக்குப் பாட வேலை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அன்றிரவு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பிறகுதான் டெபியனின் முதல் டிவிடி கோப்பு கண்ணில் பட்டது. நான்கு ஜிபிக்கு நெருக்கம். கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் டோரண்ட் வழியாக எடுத்தால் அறுந்த இடத்திலிருந்து தொடரும், வந்த துண்டுகள் சரியா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். மூன்று இரவு ஆனது. பென் டிரைவில் ஏற்றி, இணையமே இல்லாமல் நிறுவினோம். நிறுவும்போது தமிழையே தேர்ந்தெடுத்தாள் மகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறக்குவது ஒரு நாள் பாடு. புதுப்பிப்பு மாதா மாதம் வரும். டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் மட்டுமே வரும், புதுப் பதிப்புக்குச் சுமார் இரண்டு ஆண்டு ஆகும். ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகளில் புதுப்பிப்பு ஓயாது. எங்கள் லைன் தாங்காது.

இனி இப்படி எழுதும்போது கோப்பின் அளவையும், இணையம் இல்லாமல் நிறுவ முடியுமா என்பதையும் தயவுசெய்து போடுங்கள். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆளுக்கொரு பென் டிரைவில் டிவிடி கோப்பை வைத்திருந்தால் எத்தனையோ வீட்டுக்கு உதவும். எங்களுடையது இப்போது மூன்றாவது லயத்தில் இருக்கிறது. அடுத்து யாருக்கு என்று இரண்டு வீட்டார் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்