காத்தாடிக் காட்டிலிருந்து உமாவுக்கு

பணகுடி,
ஆனி மாதம்

அன்புள்ள உமா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அவளை உடனே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. படம் அனுப்பு. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இங்கே காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. மாடியில் துணி காயப் போட்டால் இரண்டு கிளிப் மாட்டினாலும் நிற்பதில்லை. முப்பந்தல் வரைக்கும் எல்லாக் காற்றாலைக் காத்தாடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விளாத்திகுளம் பக்கம் அப்பா விட்டுப்போன கரிசல் நிலத்தை சோலார் கம்பெனி குத்தகைக்குக் கேட்கிறது, கொடுக்கலாமா என்று எழுதியிருந்தாய். "அரசாங்கமே ஆராய்ந்து பார்த்துத்தானே இதற்கெல்லாம் சலுகை கொடுக்கிறது" என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாய். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அரசாங்கம் ஆராய்ந்தது உண்மைதான். நன்றாகவே ஆராய்ந்தது. பீர்மேட்டில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த அண்ணா மணி அம்மாவைப் பற்றி ஹாஸ்டலிலேயே உன்னிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். வானிலைத் துறையில் இருந்தபோது நாடு முழுக்க வெயிலை அளக்கும் நிலையங்களை அமைத்தவர். 1976-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. நாட்டில் எங்கெங்கே காற்று வீசுகிறது, எந்த மாதம் எவ்வளவு வேகம் என்று கம்பம் நட்டுக் கணக்கெடுக்கும் வேலையைப் பெங்களூரில் இருந்து தலைமை தாங்கி நடத்தினார். காற்றின் வேகம் 10 சதவீதம் கூடினால் அதில் கிடைக்கும் ஆற்றல் 33 சதவீதம் கூடும். அதனால் அளவில் சின்னப் பிசகு இருந்தாலும் போட்ட பணம் போச்சு. அவ்வளவு கறாராக அளந்த பிறகுதான் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வாசலில் கம்பெனிகள் தைரியமாகக் கால் வைத்தன. 1986-ல் தூத்துக்குடியில் அரசு முதலில் நிறுத்தியவை வெறும் 55 கிலோவாட் எந்திரங்கள். இப்போது இங்கே புதிதாக வருபவை அதைப்போல ஐம்பது மடங்கு.

அளக்கும் வேலை அதோடு நிற்கவும் இல்லை. பள்ளிக்கரணையில் இருக்கிறதே தேசிய காற்றாற்றல் நிறுவனம், அவர்கள் 100 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்று வளம் 302 கிகாவாட், அதாவது 3,02,000 மெகாவாட் என்றார்கள். 120 மீட்டருக்குப் போனால் 695 கிகாவாட். கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 2011-லிருந்து சூரியக் கதிர்வீச்சை அளக்க 51 நிலையங்களையும் அவர்கள்தான் வைத்தார்கள். இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். நம் அரசு பொறுமையாகச் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

சலுகைக் கதை என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டவளே நீதானே. தொண்ணூறுகளில் காற்றாலை வாங்கினால் முதல் வருஷமே 100 சதவீதத் தேய்மானம். மில்லில் வந்த லாபத்திலிருந்து முழு விலையையும் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும். அப்புறம் அது 80 சதவீதமாக ஆனது. வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான் கிடைக்கும் என்பதால், செப்டம்பர் 30-க்குள் எந்திரம் ஓடியாக வேண்டும் என்று முதலாளிகள் போனில் கத்துவார்கள் என்பாயே, ஞாபகம் இருக்கிறதா? கோயம்புத்தூரில் நீ ஃபைலைப் புரட்டிய அதே நேரத்தில், இங்கே ராத்திரியிலும் கிரேன் ஓடியது.

எனக்கு அந்தச் சலுகையில் பிடிக்காதது, நிறுத்தியதற்குப் பணம் கொடுத்தது, ஓடியதற்குக் கொடுக்கவில்லை என்பதுதான். 2009 கடைசியில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா என்று ஊக்கத்தொகை கொண்டுவந்தார்கள். அது சரியான யோசனை. 2012 ஏப்ரலில் தேய்மானச் சலுகையை 15 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஊக்கத்தொகையும் அப்போது நின்றிருந்தது. முந்தைய ஆண்டில் நாடு முழுக்க சுமார் 3,200 மெகாவாட் நிறுவியவர்கள் அடுத்த ஆண்டு 1,700-க்கு வந்துவிட்டார்கள். 2014-ல் மறுபடி 80, 2017-ல் 40. காற்று ஆனியில் வந்து புரட்டாசியில் அடங்குகிறது, அது மாறவே இல்லை. மாறியதெல்லாம் டெல்லியில் போட்ட கணக்கு.

ஆக, காற்றையும் அளந்தார்கள், காசையும் பைசா சுத்தமாக அளந்தார்கள். காத்தாடிக்குக் கீழே இருக்கும் நிலத்தையும் மனுஷர்களையும் யார் அளந்தது? எந்தத் திட்டமெல்லாம் சுற்றுச்சூழல் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லும் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலையும் இல்லை, சூரிய மின் நிலையமும் இல்லை. 2016-ல் தொழில்களை மாசின் அளவைப் பார்த்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரித்தபோது இவை இரண்டையும் மாசு மிகக் குறைந்த வெள்ளையில் வைத்தார்கள். புகை இல்லை, கழிவுநீர் இல்லை, உண்மைதான். தூத்துக்குடி அனல் மின் நிலையத்துச் சாம்பலைப் பார்த்தவள் நான். நிலக்கரியைவிட இது ஆயிரம் பங்கு மேல் என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் புகை இல்லை என்பதற்காகப் பாதிப்பே இல்லை என்று எழுதிவிட முடியுமா?

எங்கள் ஊருக்குக் கிழக்கே நடந்ததைச் சொல்கிறேன். புதிய எந்திரத்தின் இறக்கை ஒரு தெருவே நீளம். அதை ஏற்றி வரும் லாரி திரும்ப அகலமான பாதை வேண்டும். சரள் கொட்டிப் பாதை போட்டார்கள். பாதை போன வழியில் ஓடை ஒன்று குறுக்கிட்டது. வருஷத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடை, நெருஞ்சியும் ஆவாரையும் முளைத்துக் கிடக்கும். அதன் குறுக்கே ஒரு குழாயைப் பதித்து மேலே மண்ணை மூடிவிட்டார்கள். ஒரு ஆள் கையை நீட்டினால் அடைத்துவிடலாம், அவ்வளவுதான் அதன் வாய். ஐப்பசியில் மழை கொட்டியது. தண்ணீர் செத்தையை அடித்துக்கொண்டு வந்து குழாய் வாயில் அடைத்தது. பாதையைத் தாண்ட முடியாமல் பக்கத்து வாழைத்தோட்டத்தில் ஏறிவிட்டது. கீழே இருந்த குளத்துக்கு அந்த வருஷம் தண்ணீரே போகவில்லை. மனு கொண்டு போனவர்களிடம் "இது அனுமதி தேவைப்படாத திட்டம்" என்று பதில் சொன்னார்கள். கடைசியில் ஊர்க்காரர்களே ஜேசிபி வைத்துப் பாதையை வெட்டிப் பெரிய குழாய்களைப் போட்டார்கள். ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் அந்தப் பக்கம் வருவது மட்டும் நின்றுபோனது, வேலி வந்துவிட்டதால். ஒரு மழைக்காலம் வந்து பார்த்திருந்தால் போதும், இது முன்னாலேயே தெரிந்திருக்கும்.

உயிரினங்களின் கதை இன்னும் ஆச்சரியம். மகாராஷ்டிரத்தில் சாத்தாரா பக்கம் சால்கேவாடி பீடபூமியில் இந்திய அறிவியல் கழகத்தினர் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு 2018-ல் வெளிவந்தது. காற்றாலை இல்லாத இடத்தில் இரைபிடிக்கும் பறவைகள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு அதிகம். காற்றாலை இருக்கும் இடத்தில் பருந்து குறைந்ததால் ஓணான் பெருகிவிட்டது. பயம் குறைந்து, உடம்பு இளைத்து, அதன் குணமே மாறிவிட்டதாம். காத்தாடி சுற்றுவது மேலே, மாறுவது தரையில் ஊர்கிற ஜீவன்! ராஜஸ்தான், குஜராத்தில் கானமயில் என்ற அரிய பறவை மின்கம்பியில் மோதிச் சாகிறது என்று 2019-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கும் இதே வகைதான். கம்பி இழுத்த பிறகு ஆராய உட்கார்ந்தால் எல்லாருக்குமே நஷ்டம்.

உன் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டு 78,000 ரூபாய் மானியம் வாங்கினாயே, அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. மாடியில் எந்த ஓடையும் ஓடவில்லை. நிலத்தில் போடுவது வேறு. ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் நான்கைந்து ஏக்கர் போய்விடும். கமுதியில் 648 மெகாவாட்டுக்கு 2,500 ஏக்கர் பிடித்தது.

நிலத்தைக் கொடுக்காதே என்று சொல்லவில்லை. கம்பு விதைத்தும் கட்டுப்படியாகவில்லை என்கிறாய், வருஷா வருஷம் குத்தகை வருவது பெரிய விஷயம்தான். ஆனால் பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது வாடகைத் தொகையை அல்ல. எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் புலப்படத்தை எடுத்து உன் சர்வே எண்ணில் ஓடையோ வண்டிப்பாதையோ காட்டியிருக்கிறதா என்று பார். இருந்தால் அதை மூட மாட்டோம் என்று எழுதி வாங்கு. பேனல் கழுவ ஆழ்துளைக் கிணறு போடுவார்களா என்று கேள், அக்கம்பக்கத்துக் கிணறு வற்றினால் ஊர் உன்னைத்தான் கேட்கும். இருபத்தைந்து வருஷம் கழித்துப் பேனலையும் கான்கிரீட் காலையும் யார் பிடுங்கிக்கொண்டு போவது என்பதும் வேண்டும். 2022-ம் ஆண்டின் மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது, தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் உன் கரிசலில் நிற்கும் இரும்புக் காலைப் பற்றி அந்த விதி பேசவில்லை. கம்பெனி கைமாறினால் இதெல்லாம் புது ஆளையும் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல். வக்கீலிடம் காட்டுவதற்கு முன் பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்பு, நானும் படிக்கிறேன்.

இன்னொன்று. கரிசலில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பது கோடையில் நின்று பார்த்தால் தெரியாது. நீ ஐப்பசியில் வா, நான் கோவில்பட்டி ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன். மழை விட்ட மறுநாள் இரண்டு பேருமாக நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிடலாம். அதுவரை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போடாதே.

அண்ணனை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் முத்தம்.

அன்புடன்,
கோமதி