சித்தப்பாவுக்கு, தலைத்திவசத்துக்கு முந்தைய இரவில்

அன்புள்ள சித்தப்பா,

நாளை உங்களுக்குத் தலைத்திவசம். தெருமுனைச் சுவரொட்டியில் 'வாடிவாசலின் வெண்கலக் குரல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். வெண்கலம்தான்; காலில் விழுந்தால் எலும்பு முறியும். தம்பி நினைவுப் படம் ஒன்று தயாரிக்கிறான். உள்ளூர் கேபிளில் வந்த உங்கள் ஜல்லிக்கட்டு வர்ணனைகளின் குறுந்தகடுகள் என்னிடம் இருப்பதை யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள்.

எல்லாரும் பேசப்போவது அந்தச் சீட்டைப் பற்றித்தான். மாட்டுக்காரர் பெயரோடு எழுதியிருந்த சாதியை வாசிக்க மறுத்து, "மாட்டுக்கு ஊரு இருக்கு, ஆளு இருக்கு, அது போதும்" என்று நேரலையிலேயே சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தீர்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் அந்த மேடைக்கு உங்களை அழைக்கவில்லை. ஊர்ப் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதைப் படிப்பவர்களில் அவ்வூர்ப் பிள்ளைகளும் உண்டு, சித்திக்கு அங்கே இன்னும் போக்குவரத்து இருக்கிறது. அன்று உங்களை நினைத்து எனக்கிருந்த பெருமிதம் இன்றும் குறையவில்லை.

ஆனால் அதே வாய்தானே சித்தப்பா?

2011 தை. மாடுபிடி வீரர்களுக்குக் கொடுத்த பனியன் எனக்குத் தொடைவரை தொங்கியது. அந்த மயிலைக் காளை வாசலைத் தாண்டி ஓடவில்லை, நின்று விளையாடியது. கொம்பால் தேங்காய் நாரைக் கிளறி எறிந்துவிட்டு, ஒவ்வொருவராகப் பார்த்துத் திரும்பியது. என் பக்கம் திரும்பியபோது நான் தடுப்புக் கம்பின்மேல் ஏறிவிட்டேன். மாட்டின் கண்ணைப் பார்த்தவன் செய்யக்கூடியதைத்தான் செய்தேன். "எங்கண்ணன் மகன்னு சொல்லவே வெக்கமா இருக்கு, சேலையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போடா" என்றீர்கள். ஊர் முழுக்கச் சிரித்தது; வீட்டில் தொலைக்காட்சி முன்னே அம்மாவும் அப்பத்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று தாண்டல்வரை திமிலை விடக்கூடாது என்பதெல்லாம் நீங்கள் சொல்லித் தெரிந்ததுதான். நான் இறங்கினேன், தாவினேன், ஒரு தாண்டல்கூட நிற்கவில்லை.

பதிவை இந்த வாரம்தான் முதன்முறையாகப் போட்டுப் பார்த்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் ஒருமுறை தொண்டையைச் செருமுகிறீர்கள். பிறகு, "மாடு பிடிபடலை, மாட்டுக்காரருக்கு ஒரு அண்டா." அண்டா, சித்தப்பா.

அன்றிரவு இராசாசி மருத்துவமனையில், குளுக்கோஸ் இறங்கும் கையை விடியும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு சொல் பேசவில்லை. நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பேசும் மனிதருக்கு ஒரே ஒரு சொல் கிடைக்காமல் போனதை நான் மன்னிக்கவில்லை. கையைப் பிடித்திருந்ததை மறக்கவும் இல்லை.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தடை வந்து, மூன்று பொங்கலுக்கு வாசல் மூடியிருந்தபோது, நீங்கள் திண்ணையில் பேச்சற்று உட்கார்ந்திருப்பதாக அம்மா சொல்வார். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். 2017 சனவரியில் மதுரைத் தமுக்கம் மைதானத்தில், தடையை எதிர்த்துக் கூடிய பிள்ளைகள் நடுவே, மைக் இல்லாமல் கம்மிய குரலில் நீங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர்ப் பாக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தவன், உங்கள் வரிசைக்கு முன்னால் பையை வேறொருவனிடம் தள்ளிவிட்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் வந்து பேசியிருக்கலாம். ஆனால், முதலில் பேசவேண்டியவன் நான் இல்லையே.

அந்தப் பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூரில் வாசல் திறந்தபோது தொலைக்காட்சிக்கு முன்னால் நானும் இருந்தேன். வேறு யாரோ வர்ணித்தார்கள். நன்றாகத்தான் பேசினார்கள், யாரையும் புண்படுத்தவில்லை. பாதியில் ஒலியைக் குறைத்துவிட்டேன்.

2011 பதிவைக் கொடுக்காதே, கொடுத்தாலும் அந்த இடத்தை வெட்டிவிடு என்று வீட்டில் சொன்னார்கள். நேற்று தம்பியிடம் பன்னிரண்டு தகடுகளையும் அப்படியே கொடுத்துவிட்டேன். சீட்டும் இருக்கிறது, சேலையும் இருக்கிறது, அண்டாவும் இருக்கிறது. சித்தி இருக்கும்போது மட்டும் அதைப் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்