சும்மா விட்டால் வினிகர்தான்

ஆசிரியருக்கு,

இயற்கை ஒயின் பற்றிய கட்டுரையில் ‘எதையும் சேர்க்காமல் அப்படியே விட்டுவிடுவார்கள்’ என்று இருந்தது. அப்படியே விட்டால் கிடைப்பது வினிகர்.

பாக்கெட் ஈஸ்ட் கிடையாது என்பதால், அறுவடைக்கு நாலைந்து நாள் முன்பே கொஞ்சம் நல்ல பழம் பறித்து, நசுக்கி நொதிக்க வைப்பார்கள். நன்றாக நுரைத்து, கெட்ட நெடி இல்லாமல் இருந்தால், மொத்தச் சாற்றில் 3 முதல் 5 சதவீதம் வரை உறையாக ஊற்றுவார்கள். சிவப்பு ஒயினில் மேலே மிதக்கும் தோல் அடையைத் தினம் இரண்டு முறையாவது அமுக்கி நனைக்க வேண்டும். காய்ந்தால் புளிப்பு ஏறிவிடும். பீப்பாயில் வற்றுவதையும் அவ்வப்போது நிரப்பியாக வேண்டும். பி.எச். 3.6-ஐத் தாண்டினால், அதாவது அமிலம் குறைந்தால், ஒயினைக் கெடாமல் காக்கும் சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மம் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம்.

ஒயினுக்கு வரும் கோளாறுகளில் எல்லாவற்றிலும் மோசமானது ‘எலி வாடை’. முகர்ந்தால் தெரியாது. விழுங்கிய பிறகு, எச்சில் அமிலத்தைத் தணித்ததும்தான் வாயில் கிளம்பும். மூக்கை மட்டும் நம்பிப் புட்டியில் அடைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இயற்கை ஒயினில் ‘சல்ஃபைட் அறவே இல்லை’ என்பதும் தவறு. ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கும். தவிர, ஆர்கானிக் வேறு, இயற்கை ஒயின் வேறு. இனிப்பில்லாத சிவப்பு ஆர்கானிக் ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சல்ஃபைட் வரை அனுமதிக்கிறது. பிரான்ஸில் 2020-இல் வந்த ‘வின் மெத்தோட் நத்யூர்’ என்ற இயற்கை ஒயின் முத்திரைக்கோ 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

– ஒயின் தயாரிப்பாளர்கள் சிலர்