பட்டனை அழுத்துவதற்கு முன்னால்

திருவொற்றியூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சீனு,

மூன்று மீன்பிடி ரீலின் படங்களை அனுப்பி "எது?" என்று ஒரே சொல்லில் நீ கேட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. பதில் போடாதது என் தப்புதான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்பாய், பிறகு உன் இஷ்டத்துக்குத்தான் செய்வாய். டிரம்ஸ் செட் விஷயத்திலேயே பார்த்தாகிவிட்டது. அதனால் எழுத்து. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். வாத்தியார் இன்னும் குடையோடுதான் நடமாடுகிறார்.

தள்ளுபடி முடியப்போகிறது என்று நீ மூன்றாவதைக் கார்ட்டில் போட்டு வைத்திருப்பதாக மொட்டை சொன்னான். டேய், நிறுத்து. அது வலதுகைக் கைப்பிடி.

உன்னிடம் இருக்கிற ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளலாம். நீ இப்போது வாங்கப் பார்க்கிற பெயிட்காஸ்டிங் ரீலில் அது நடக்காது. கியர், கைப்பிடி, நட்சத்திர வடிவ டிராக் (மீன் பலமாக இழுத்தால் தூண்டில் நரம்பை விட்டுக்கொடுக்கிற திருகு) எல்லாம் ஒரே பக்கம் இருக்கும். வாங்கும்போது எந்தப் பக்கமோ, ஆயுசுக்கும் அந்தப் பக்கம்தான். நீ வலதுகையால் வீசி இடதுகையால் சுற்றியே பழகியவன். இதை வாங்கினால் ஒவ்வொரு வீச்சுக்கும் ராடை, அதாவது தூண்டில் கம்பை, கை மாற்ற வேண்டும். விழுந்துகொண்டிருக்கிற லூரைத்தான் (போலி இரையைத்தான்) கொடுவா மீன் பல நேரம் வந்து அடிக்கும், அந்த நொடியில் நீ கை மாற்றிக்கொண்டிருப்பாய். அப்படியே பழகி அற்புதமாகப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. புதிதாக ஆரம்பிக்கிற உனக்கு அந்தத் தலைவிதி எதற்கு? ஷிமானோவில் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்: 150, 200 என்றால் வலது, 151, 201 என்றால் இடது. மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் எண்ணுக்குப் பின்னால் 'எல்' போடும். அது இல்லாவிட்டால் வலது என்றே வைத்துக்கொள்.

அடுத்த கேள்வி உனக்குப் பிடிக்காது. இந்த ரீல் உனக்கு வேண்டுமா? பட்டினப்பாக்கம் மணலில் உட்கார்ந்து, இறால் குத்தி, 80 கிராம் ஈயக்குண்டைத் தூக்கி எறிவதுதான் திட்டம் என்றால் வேண்டாம். அதற்கு நீள ராடும் பெரிய ஸ்பின்னிங் ரீலும் போதும். முட்டுக்காடு பாலத்துத் தூண், கோவளம் பாறை இங்கெல்லாம் குறி பார்த்து லூரைப் போட வேண்டும், கொடுவாவோ செப்பிலியோ கடித்ததும் அது தூணுக்குள் புகுமுன் இழுத்துத் திருப்ப வேண்டும் என்றால்தான் இது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரியில் பாசிக்கு மேலே தவளை லூரை இழுத்து விரால் பிடிக்கவும் இதுதான். எண்ணூர்க் கழிமுகம் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு அங்கே பிடித்ததைச் சட்டியில் ஏற்ற மனசு வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு அங்கே வலை போடுகிறவர்களுக்கு மனசு பார்க்கிற வசதிகூடக் கிடையாது, அது வேறு வேதனை.

சரி, சிக்கு விவகாரம். எல்லோரும் இந்த ரீலைக் கண்டு பயப்படுவது அதற்குத்தான். காத்தாடி நூல் சுற்றுகிற லொட்டாயை நினைத்துக்கொள். காத்தாடி இழுக்கும், லொட்டாய் சுழன்று நூல் விடும். திடீரென்று காற்று செத்துவிட்டால் காத்தாடி தளரும், லொட்டாய் தளராது, நூல் காலடியில் கொட்டும். இங்கேயும் அதே கதை. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை, சும்மா நிற்கும், நரம்பு மேலே வழுக்கிக்கொண்டு போகும். பெயிட்காஸ்டரில் ஸ்பூலே சுழல வேண்டும். நரம்பு நிரம்பிய ஸ்பூலுக்கு 34 மி.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 10.7 செ.மீ. லூர் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் கிளம்பினால் வினாடிக்கு 25 மீட்டர், அதாவது ஸ்பூல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 14,000 சுற்று. கிட்டத்தட்ட மிக்சி. காற்று தடுத்து லூர் வேகம் குறையும், ஸ்பூல் குறையாது. லூர் எடுத்துக்கொள்ளாத நரம்பு உள்ளேயே பொங்கிக் குருவிக்கூடு கட்டும்.

அதைத் தடுக்க மூன்று காவல் உண்டு: கைப்பிடிப் பக்கம் இருக்கும் டென்ஷன் திருகு, எதிர்ப்பக்கம் பிரேக், உன் கட்டைவிரல். பிரேக்கில்தான் காசைப் பார்க்க வேண்டும். மையவிலக்கு வகையில் குட்டிக் குட்டிக் கட்டைகள் ஸ்பூல் சுழலும்போது வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். வேகம் இருமடங்கானால் அந்த விசை நான்கு மடங்கு. வீச்சின் தொடக்கத்தில் இறுக்கிப் பிடிக்கும், கடைசியில் விட்டுவிடும். தூரம் நன்றாகப் போகும். விலை குறைந்த பல ரீல்களில் கட்டைகளை மாற்றப் பக்கமூடியைத் திறந்தாக வேண்டும், கடற்கரையில் ஒரு கட்டை மணலில் விழுந்தால் தேடியே பொழுது போய்விடும். காந்த வகையில் வெளியே ஒரு டயல், திருகினால் முடிந்தது.

நம் ஊருக்கு முதல் ரீல் காந்த வகைதான் என்பது என் கட்சி. காரணம் காற்று. நம் கடல் கிழக்கே. வெயில் ஏறியதும் கடல்காற்று நேராக முகத்தில் அடிக்கும், அதை எதிர்த்துத்தான் நீ வீசியாக வேண்டும். விடியற்காலையில் 5-ல் வைத்து வீசிய அதே லூருக்குப் பதினொரு மணிக்கு 7, 8 தேவைப்படும். டயல் வெளியே இருந்தால் பிழைத்தாய். ஷிமானோவின் டிசி வகையில் உள்ளே சிப்பே இருக்கிறது, ஸ்பூல் சுழலும் சக்தியிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டு தானே பிரேக் போடும், பேட்டரி கூடக் கிடையாது. அருமையான சாமான். ஆனால் முதலிலேயே அதை வாங்கினால் உன் கட்டைவிரல் படிக்காமலே பாஸாகிவிடும். இரண்டாவது ரீலாக வாங்கு.

இப்போது உன் மூன்று படங்கள். மூன்றாவதில் "17+1 பேரிங்" என்று கொட்டை எழுத்து. அதைப் பார்த்துத்தான் விழுந்திருப்பாய். வீச்சுக்கு உதவுவது ஸ்பூலின் இரண்டு முனையில் இருக்கும் இரண்டே பேரிங். மீதி கைப்பிடிக் குமிழிலும் எங்கெங்கோவும் திணித்த எண்ணிக்கை. உப்புக்காற்றில் பதினேழும் துருப்பிடிக்கும், அவ்வளவுதான் லாபம். அடுத்து 8.1:1 கியர். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 8.1 சுற்று சுற்றி 86 செ.மீ. நரம்பை இழுக்கும். புதுக்கை எப்போதும் வேகமாகச் சுற்றும். கொடுவாவுக்கு லூர் மெல்ல, நின்று நின்று வர வேண்டும். 6.3:1 என்றால் 67 செ.மீ., 7.2:1 என்றால் 77. இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவும் சரி. விரால்தான் முக்கியம் என்றால் 7-க்கு மேல் போ, பாசிக்குள் புகுமுன் தளர்ந்த நரம்பைச் சட்டென்று எடுக்கலாம்.

இரண்டாவது படம் உருண்டை ரீல், ஆபு கார்சியா அம்பாசடர். ஸ்வீடன்காரனின் பழைய வடிவம், பெயருக்கேற்றபடி நம்ம அம்பாசடர் கார் மாதிரியே உழைக்கும். நரம்பும் நிறையக் கொள்ளும். ஆனால் 300 கிராம் அளவுக்கு எடை. படகில் உட்கார்ந்து பிடிக்கச் சரி, காலை முழுக்க நின்று வீசினால் உன் மணிக்கட்டு அம்மாவின் முழங்காலோடு போட்டி போடும். முதல் படத்துப் பிளாக் மேக்ஸ் கிராஃபைட் உடல், காந்த பிரேக், 6.4:1. கிராஃபைட் பெரிய மீன் இழுக்கும்போது அலுமினியம் அளவுக்கு விறைப்பாக நிற்காது, ஆனால் துருப்பிடிக்காது. ஆடம்பரம் இல்லை, உனக்குப் போதும். அதன் இடதுகை வகையைத் தேடு. கிடைக்காவிட்டால் இதே குணமுள்ள வேறு எதுவும் ஓகே.

கடையில் கையில் எடுத்தால்: ஸ்பூலை விடுவிக்கிற கட்டைவிரல் பட்டையை அழுத்தி ஸ்பூலை மெல்லத் தட்டு, சத்தமில்லாமல் ஓட வேண்டும். கைப்பிடியைப் பின்பக்கம் தள்ளிப் பார், அசையக் கூடாது. நரம்பைப் பரப்புகிற குட்டி வாய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடங்கல் இல்லாமல் போகிறதா பார். பக்கமூடியைத் திறந்து காட்டச் சொல்.

நீ ஒதுக்கி வைத்திருக்கிற பத்தாயிரம் ரூபாயையும் ரீலுக்கே கொட்டாதே. பாதி ராடுக்கும் நரம்புக்கும். பழைய ஸ்பின்னிங் ராடில் இதைக் கட்டாதே. இது ராடுக்கு மேலே உட்காரும், அதற்கேற்ற சின்ன வளையங்களும் கீழே விரல் கொக்கியும் வேண்டும். ஆறரையிலிருந்து ஏழடி, மீடியம் ஹெவி, லூர் எடை 10–30 கிராம் என்று எழுதியிருப்பதை எடு. 15 கிராம் லூரில் பழகு. 5 கிராம் லூரால் சாதாரண ஸ்பூலைச் சரியாகச் சுழற்ற முடியாது, தோற்றுவிட்டு ரீலைத் திட்டுவாய். நரம்பு முதலில் 0.30 அல்லது 0.33 மி.மீ. நைலான் தங்கூஸ். பின்னல் நரம்பான பிரெய்டு வேண்டாம், மீன் இழுத்ததும் அது கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து அடுத்த வீச்சில் மாட்டிக்கொள்ளும். அதோடு ஒவ்வொரு கூட்டையும் வெட்டி எறியப்போகிறவன் நீ, மலிவான நரம்பை வெட்டு. ஸ்பூல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழேயே நிறுத்து.

வீட்டு மொட்டைமாடியில் பழகாதே, கீழே கார்கள் நிற்கின்றன. கிரிக்கெட் பசங்க வருமுன் மைதானத்துக்குப் போ. லூரிலிருந்து முள்ளைக் கழற்றிவிடு. ராடை நேராக நீட்டிப் பட்டையை அழுத்திக் கட்டைவிரலை எடு. லூர் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும், அதுவரை டென்ஷன் திருகைத் திருகு. லூர் மாற்றினால் இதையும் மாற்று. பிரேக் டயலை 8-ல் வை. வீசும்போது மணிக்கட்டைத் திருப்பி விரல் முட்டிகள் வானம் பார்க்கட்டும். வெடுக்கென்று உதறாதே, கூடு கட்டுவது பாதி அதனால்தான். லூர் தரையைத் தொடும் கணத்தில் கட்டைவிரல் ஸ்பூலில் அழுந்த வேண்டும். பிரேக் எத்தனை இருந்தாலும் இந்த ஒன்றை அது செய்யாது. இருபது வீச்சு சுத்தமாக விழுந்தால் ஒரு எண் குறை. உன்னால் முடிந்த அதிக தூரம் வீசி, இன்னும் ஐந்து மீட்டர் இழுத்துவிட்டு, ஸ்பூலில் மீதியிருக்கும் நரம்பின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டு. கூடு அதற்குக் கீழே இறங்காது.

கூடு கட்டினால் இழுக்காதே. டிராக்கை இறுக்கு, கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திக்கொண்டே கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்று, பிறகு பட்டையை அழுத்தி நரம்பை மெல்ல இழு. நம்ப மாட்டாய், பத்தில் ஏழு தானாக அவிழும். பிறகு விரலால் தடவிப் பார், மடிந்த இடம் இருந்தால் அதுவரை வெட்டு. அங்கேதான் நல்ல மீன் அறுத்துக்கொண்டு போகும்.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று. உனக்குச் சர்க்கரை இருக்கிறது. வேகமாக ஓடும் ஸ்பூலில் தங்கூஸே கட்டைவிரலைச் சுடும், பிரெய்டு அறுத்தே விடும். கோவளம் பாறையில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பி பாதத்தைக் கிழிக்கும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு. எல்லாம் சின்னக் காயம்தான், ஆனால் உனக்கு ஆற எத்தனை வாரம் ஆகும் என்று உனக்கே தெரியும். கட்டைவிரலுக்குப் பிளாஸ்டர் சுற்று, தடித்த ஷூ போடு, மீனைக் கவ்விப் பிடிக்க இடுக்கி வாங்கு. கண்ணாடி இல்லாமல் வீசாதே: வீச்சின் நடுவில் ஸ்பூல் சிக்கி நின்றால் நரம்பு அறுந்து, இரண்டு மும்முள்ளோடு லூர் தனியாகப் பறக்கும். வீசுமுன் பின்னால் பார். கோவளத்தில் முன்னாலும் பார், சர்ஃபிங் பசங்க இருப்பார்கள். மழைக்காலத்தில் முட்டுக்காடு முகத்துவாரம் உடைத்துக்கொண்டு ஓடும்போது மணல் விளிம்பில் நிற்கவே நிற்காதே, காலடி மணல் சொல்லாமல் சரியும்.

வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் ரீலை அலசு. பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். உதறித் துடைத்து, டிராக்கைத் தளர்த்திக் காயவை. காய்ந்ததும் நரம்பு பரப்புகிற திருகுத்தண்டிலும் ஸ்பூல் பேரிங்கிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் நட்பு முறிந்தது. மீன் பிடிக்கப் போகும்போது டிராக்கைச் சோதிக்க, நிரம்பிய 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டித் தூக்கு. மெல்லத் தூக்கினால் எழ வேண்டும், வெடுக்கென்று இழுத்தால் நரம்பு வழுக்க வேண்டும். 12 பவுண்டு இழுவை தாங்கும் நரம்புக்கு அது கணக்கு.

கார்ட்டைக் காலி செய்துவிட்டு எனக்கு ஒரு செய்தி போடு. ரீல் வந்ததும் ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கோவளம். வாத்தியாரிடம் சொல்லிவிடாதே, குடையோடு வந்து நிற்பார், அந்தக் காற்றில் வீச முடியாது.

உன்,
பாபு

பி.கு.: பெட்டிக்குள் பாகங்களின் படம் போட்ட ஒரு தாள் இருக்கும், தூக்கிப் போடாதே. ஸ்பேர் கேட்க அந்த எண்கள்தான் வேண்டும். பெட்டியை வேண்டுமானால் மொட்டைக்குக் கொடு, எதற்கென்று உனக்கே தெரியும்.